தீம் பார்க் கதைகள்: எது நடந்தது, எது நடக்கவே இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து ஓய்வாக உட்கார்ந்து படியுங்கள். முதல் பத்தியைப் படித்துவிட்டு லைக் போட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்கு வகுப்பிலிருந்தே தெரியும்.

கோடை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளோடு தீம் பார்க் போகிற படங்கள் வரிசையாக வருகின்றன. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. கூடவே தீம் பார்க்குகளைப் பற்றிய கதைகளும் வாட்ஸ்அப்பில் வந்து விழுகின்றன. இந்தச் சில வாரங்களில் மட்டும் எனக்கு மூன்று வந்தன. வால்ட் டிஸ்னியின் உடலை உறைய வைத்து டிஸ்னிலேண்டுக்கு அடியில் வைத்திருக்கிறார்களாம். டெஸ்லாவைத் தோற்கடிக்க எடிசன் ஒரு யானையை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றாராம். தீம் பார்க் கழிப்பறையில் குழந்தைக்கு மொட்டையடித்து, உடை மாற்றிக் கடத்திக்கொண்டு போகப் பார்த்தார்களாம். மூன்றையும் அனுப்பியவர்கள் என்னிடம் படித்தவர்களும் என் சொந்தக்காரர்களும்தான்.

வரலாறு சொல்லிக்கொடுத்தவனுக்கு இதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை. முதல் கதையால் யாருக்கும் கெடுதல் இல்லை. மூன்றாவது கதை நம் மாவட்டங்களிலேயே உயிரைப் பறித்திருக்கிறது. ஆகவே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். நீங்கள் யாரும் அனுப்பாத நான்காவது கதை ஒன்றையும் நானே சேர்த்துக்கொள்கிறேன். அதன் காரணம் படிக்கும்போது புரியும்.

முதலில் டிஸ்னி.

வால்ட் டிஸ்னி 1966 டிசம்பர் 15 அன்று கலிஃபோர்னியாவின் பர்பாங்க் நகரில், தன் ஸ்டுடியோவுக்கு எதிரே இருந்த மருத்துவமனையில் காலமானார். நுரையீரல் புற்றுநோய். அப்போது அவருக்கு வயது 65. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 17 அன்று உடல் எரியூட்டப்பட்டது. இறப்புச் சான்றிதழில் எரியூட்டல் என்றே பதிவாகியிருக்கிறது. அஸ்தி கிளெண்டேலில் உள்ள ஃபாரஸ்ட் லான் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம். விஷயம் அவ்வளவுதான்.

அப்படியானால் உறைய வைத்த கதை எங்கிருந்து வந்தது? அந்த மாதங்களின் நாட்காட்டியைப் பார்த்தால் விளங்கும். இறந்தவர்களைக் கடுங்குளிரில் பாதுகாத்து வைத்தால் எதிர்கால மருத்துவம் அவர்களை எழுப்பிவிடும் என்று ராபர்ட் எட்டிங்கர் எழுதிய புத்தகம் 1964-இல் பரவலாக வெளிவந்து அமெரிக்காவில் பேச்சாக இருந்தது. டிஸ்னி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1967 ஜனவரி 12 அன்று ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற உளவியல் பேராசிரியரின் உடல் அதே கலிஃபோர்னியாவில் உண்மையிலேயே உறைய வைக்கப்பட்டது. உலகில் அப்படிச் செய்யப்பட்ட முதல் மனிதர் அவர். அடுத்து, 1967 மார்ச்சில் டிஸ்னிலேண்டில் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' திறக்கப்பட்டது. இருட்டான சுரங்கம், எலும்புக்கூடுகள், தண்ணீர். போதாக்குறைக்கு டிஸ்னியின் இறுதிச் சடங்கைக் குடும்பத்தார் வெளியாரை அழைக்காமல், சத்தமில்லாமல் நடத்தினார்கள். புதுமைக்குப் பேர்போன மனிதர், ரகசியமான இறுதிச் சடங்கு, அடுத்த மாதமே ஓர் உறைந்த உடல், அதற்கடுத்து ஒரு பூமிக்கடி சவாரி. ஊர் வாய் இவற்றை ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது.

முடிச்சு அவிழ வேண்டும் என்றால் தேதியைப் பிடித்து இழுத்தால் போதும். முதல் மனிதரை உறைய வைக்கும் முன்பே டிஸ்னி சாம்பலாகிவிட்டார். 'ஃப்ரோஸன்' படத்துக்கு அந்தப் பெயர் வைத்ததே கூகுளில் இந்த ரகசியத்தை மறைக்கத்தான் என்று இப்போது ஒரு புதுக் கிளைக்கதையும் ஓடுகிறது. அந்தப் படம் வந்தது 2013-இல். 47 வருடத்துக்கு முன் எரித்த உடலை மறைக்க யாரும் கோடி கோடியாகச் செலவழித்துப் படம் எடுக்க மாட்டார்கள்.

இதற்காக டிஸ்னி பூங்காக்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். ஃபுளோரிடாவில் உள்ள மேஜிக் கிங்டத்துக்கு அடியில் ஊழியர்கள் நடமாடும் சுரங்கப்பாதைகள் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவை தோண்டியவை அல்ல. அந்தச் சதுப்பு நிலத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அதனால் தரைமட்டத்திலேயே பாதைகளைக் கட்டி, அதற்கு மேல் பூங்காவை எழுப்பினார்கள். 1971-இல் திறந்ததிலிருந்து அங்கே போகிறவர்கள் நடப்பது முதல் மாடியில். பலருக்கு அது தெரியாது. டிஸ்னிலேண்டில் தீயணைப்பு நிலையம் போலக் கட்டிய கட்டடத்தின் மாடியில் டிஸ்னி தங்குவதற்கென்று சின்ன வீடு இருந்ததும் உண்மை. அவர் நினைவாக அதன் சன்னலில் இன்றும் விளக்கு எரிகிறது. ஆக, ஓர் இடத்தைப் பற்றிய கதைகளில் நெல்லும் இருக்கும், பதரும் இருக்கும். புடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது யானைக் கதை. இதுதான் உங்களில் அதிகம் பேர் நம்புகிற கதை. டெஸ்லாவைப் புகழும் தமிழ் வீடியோக்களில் தவறாமல் வருவது.

நடந்தது இது. டாப்ஸி என்பது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து குட்டியாகக் கொண்டுபோன பெண் யானை. ஆடம் ஃபோர்பா என்ற சர்க்கஸ் முதலாளி 1877-இல், இது அமெரிக்காவிலேயே பிறந்த முதல் யானை என்று விளம்பரம் செய்தார். போட்டி முதலாளியான பார்னம் அந்தப் பொய்யை அம்பலப்படுத்தினார். பாவம், அந்த யானையின் வாழ்க்கையே ஒரு கட்டுக்கதையோடுதான் தொடங்கியது. 25 ஆண்டுகள் சர்க்கஸில் அடிபட்டு உழைத்தது. 1902 மே மாதம் புரூக்ளினில் ஒரு பார்வையாளர் எரியும் சுருட்டால் அதன் தும்பிக்கை நுனியைச் சுட்டார். யானை அவரைக் கொன்றுவிட்டது. அதற்குப் பிறகு செய்தித்தாள்கள் அது கொன்றவர்களின் கணக்கைத் தங்கள் விருப்பத்துக்குக் கூட்டிக்கொண்டே போயின.

சர்க்கஸ்காரர்கள் அதை நியூயார்க்கின் கோனி ஐலண்டில் இருந்த ஒரு பூங்காவுக்கு விற்றார்கள். அந்தப் பூங்கா தாம்ப்சன், டண்டி என்ற இருவர் கைக்கு மாறியது. அவர்கள் அதே இடத்தில் லூனா பார்க் என்ற பெரிய பூங்காவைக் கட்டத் தொடங்கினார்கள். பாரம் இழுக்க டாப்ஸியைப் பயன்படுத்தினார்கள். அதன் பாகன் பெருங்குடிகாரர். ஒருநாள் போதையில் யானை மேல் ஏறித் தெருவெல்லாம் சுற்றி, காவல் நிலையத்துக்கே ஓட்டிக்கொண்டு போனார். பாகனை வேலையைவிட்டு நீக்கினார்கள். அவர் இல்லாமல் யானையைக் கட்டி மேய்க்க ஆள் இல்லை. கொடுக்கப் பார்த்தும் வாங்க ஆள் இல்லை. அப்போதுதான் முதலாளிகளுக்கு யோசனை வந்தது: யானையைக் கொல்வதையே காட்சியாக்கினால் திறக்கப்போகும் பூங்காவுக்கு விளம்பரம். தலைக்கு 25 சென்ட் கட்டணம் வைத்துத் தூக்கில் போடுவதாகத் திட்டம். மிருகவதைத் தடுப்புச் சங்கம் தலையிட்டு, தூக்கும் கூடாது, டிக்கெட் விற்கவும் கூடாது என்றது.

கடைசியில் 1903 ஜனவரி 4 அன்று, கேரட்டில் சயனைடு வைத்துக் கொடுத்து, கழுத்தில் கயிறு கட்டி நீராவி விஞ்சால் இறுக்கி, 6,600 வோல்ட் மின்சாரமும் பாய்ச்சிக் கொன்றார்கள். எடிசன் பெயரில் இயங்கிய படக் கம்பெனி அதைப் படம் பிடித்தது. ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும் அந்தப் படம் இன்றும் இருக்கிறது. நீங்கள் பகிர்வது அதைத்தான்.

இதில் எடிசன் எங்கே? அந்த இடத்தில் அவர் இல்லை. கொல்லும்படி சொன்னவரும் அவர் இல்லை. வருடங்களைக் கரும்பலகையில் எழுதுவது போல வரிசையாக வைத்துப் பாருங்கள். நேர்மின்சாரமா, மாறுமின்சாரமா என்ற வியாபாரச் சண்டை உச்சத்தில் இருந்தது 1888 முதல் 1890 வரை. 1892-இல் எடிசனின் மின் நிறுவனம் போட்டி நிறுவனம் ஒன்றுடன் இணைக்கப்பட்டு ஜெனரல் எலெக்ட்ரிக் ஆனது. எடிசன் பெயரையே எடுத்துவிட்டார்கள். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு மாறுமின்சாரத்தால் விளக்கேற்றினார் வெஸ்டிங்ஹவுஸ். சண்டை முடிந்து பத்து வருடம் ஆன பிறகு செத்தது டாப்ஸி. முடிந்துபோன தேர்தலுக்கு யாராவது பிரசாரம் செய்வார்களா?

ஆனாலும் இந்தக் கதை ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கிறது? அதில் மூன்று உண்மைகள் கலந்திருக்கின்றன. படத்தில் எடிசன் பெயர் இருப்பது உண்மை. அன்று மின்சாரம் கொடுத்த உள்ளூர்க் கம்பெனியின் பெயரிலும் எடிசன் இருந்தது உண்மை. அவருக்கும் அதற்கும் அப்போது தொடர்பு இல்லை. மூன்றாவது உண்மை கொஞ்சம் கசப்பானது. மாறுமின்சாரம் ஆபத்தானது என்று காட்ட ஹெரால்ட் பிரௌன் என்பவர் 1888-இல் நாய்களைக் கொன்று காட்டினார். அதே ஆண்டு எடிசனின் ஆய்வுக்கூடத்திலேயே கன்றுகளையும் ஒரு குதிரையையும் கொன்று காட்டினார். எடிசன் அதற்கு இடமும் ஆதரவும் கொடுத்தார். இந்த மூன்று உண்மைகளையும் ஒட்டுவதற்கு ஒரே ஒரு பொய்தான் பசை.

வெறும் பொய்யை ஊர் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். முக்கால் பங்கு உண்மையோடு வருகிற பொய்தான் நூறு வருடம் வாழும். இந்தப் பொய்யால் ஒரு கெடுதலும் உண்டு. எடிசனை வில்லனாக்கியதில், காசுக்கும் விளம்பரத்துக்கும் ஒரு பிராணியைக் கொன்ற இரண்டு பூங்கா முதலாளிகள் தப்பித்துவிட்டார்கள். அவர்கள் பெயரை உங்களில் எத்தனை பேர் இதற்கு முன் கேட்டிருப்பீர்கள்?

இனி நான்காவது கதை. இதை யாராவது எனக்கு ஃபார்வேர்ட் செய்திருந்தால் முதல் வரியிலேயே நம்பாமல் சிரித்திருப்பீர்கள்.

1976 டிசம்பர். கலிஃபோர்னியாவின் லாங் பீச் கடற்கரையில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. அங்கே பேய் வீடு போன்ற இருட்டுச் சவாரி ஒன்றில் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்குப் படப்பிடிப்பு ஏற்பாடு நடந்தது. 'சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்' என்ற அந்தத் தொடர் அப்போது அமெரிக்காவில் மிகப் பிரபலம். தூக்கில் தொங்கும் பொம்மை ஒன்று இடைஞ்சலாக இருக்கிறது என்று ஓர் ஊழியர் அதை நகர்த்தினார். கை ஒடிந்து வந்துவிட்டது. உள்ளே எலும்பு.

அது பொம்மை அல்ல, மனித உடல். மேலே இருட்டில் ஒளிரும் சிவப்புச் சாயம் பூசியிருந்தது. வருடக்கணக்கில் ஜனங்கள் அதைப் பார்த்துக் கத்தி, சிரித்து, ஐஸ்கிரீம் சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் பிணப் பரிசோதனை அலுவலகம் அதை ஆராய்ந்தது. உடலில் ஆர்சனிக் நிறைய இருந்தது. பிணத்தைப் பதப்படுத்த ஆர்சனிக் போடும் வழக்கம் போய் அப்போதே வெகுகாலம் ஆகிவிட்டது. நெஞ்சில் துப்பாக்கிக் காயம். உள்ளே தங்கியிருந்த உலோகத் துண்டு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயன்படுத்திய குண்டு வகையைச் சேர்ந்தது. வாய்க்குள் 1924-ஆம் ஆண்டின் ஒரு சென்ட் காசும், லூயிஸ் சோனி என்பவரின் குற்றக் கண்காட்சி டிக்கெட் துண்டுகளும் கிடைத்தன. அந்தத் துண்டுச் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனார்கள்.

கிடைத்த பெயர் எல்மர் மெக்கர்டி. 1880-இல் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். ராணுவத்தில் வெடிமருந்தைக் கையாளக் கற்றுக்கொண்டு வெளியே வந்து கொள்ளைக்காரர் ஆனார். திறமை போதவில்லை. ஒரு ரயிலில் இரும்புப் பெட்டியை உடைக்க மருந்தை அதிகமாக வைத்ததில் வெள்ளிக்காசுகள் உருகிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டன. 1911 அக்டோபரில் ஓக்லஹோமாவில், ஓசேஜ் பழங்குடி மக்களுக்குச் சேர வேண்டிய பெருந்தொகையைக் கொண்டுபோகும் ரயிலை மறிப்பதாக எண்ணி, வேறு பயணிகள் ரயிலை மறித்தார். கிடைத்தது 46 டாலரும் கொஞ்சம் விஸ்கியும். மூன்று நாள் கழித்து, அக்டோபர் 7 அன்று, ஒரு வைக்கோல் கொட்டகையில் போலீஸாரோடு நடந்த சண்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பாஹஸ்கா என்ற ஊரில் பிணம் பதப்படுத்துபவர் உடலை ஆர்சனிக் போட்டு வைத்தார். உரிமை கோரி யாரும் வரவில்லை. செலவை எடுக்க, உடலை நிற்க வைத்து ஐந்து சென்ட் கட்டணத்துக்குக் காட்டத் தொடங்கினார். 1916-இல் இருவர் வந்து, இவன் எங்கள் அண்ணன் என்று கண்ணீர் விட்டு வாங்கிப் போனார்கள். உண்மையில் அவர்கள் ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சிக்காரர்கள். பிறகு அது 1922-இல் சோனியின் கைக்கு வந்தது. மலிவுத் திரைப்படங்களுக்கு விளம்பரமாகத் தியேட்டர் வாசலில் நின்றது. பல வருடம் கிடங்கில் கிடந்தது. 1968-இல் ஹாலிவுட் மெழுகுச்சிலைக் கூடத்தின் உரிமையாளர் ஸ்பூனி சிங்குக்கு விற்கப்பட்டது. ஆம், பஞ்சாபில் பிறந்து கனடாவில் வளர்ந்த நம் நாட்டவர்தான். அங்கிருந்து லாங் பீச் பூங்காவுக்கு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஓர் உண்மை உதிர்ந்துபோய், கடைசியில் மனிதன் பொம்மை ஆகிவிட்டான்.

தடய மானுடவியலாளர் கிளைட் ஸ்னோ பழைய புகைப்படத்தையும் மண்டை ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்து உறுதி செய்தார். 1977 ஏப்ரல் 22 அன்று ஓக்லஹோமாவின் கத்ரி ஊரில் எல்மர் மெக்கர்டியை அடக்கம் செய்தார்கள். மறுபடி யாரும் தோண்டி எடுத்துக் காட்சிக்கு வைத்துவிடக் கூடாது என்று சவப்பெட்டியின் மேல் கான்கிரீட் ஊற்றினார்கள். இறந்து 65 வருடம் 6 மாதம் கழித்து ஒரு மனிதனுக்கு மண் கிடைத்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? நம்ப முடியாததாக இருப்பதால் மட்டும் ஒன்று பொய்யாகிவிடாது. நம்பும்படி இருப்பதால் மட்டும் உண்மையும் ஆகிவிடாது. டிஸ்னி கதையில் தேதி பொருந்தவில்லை. எல்மர் கதையில் தேதி, இடம், கைமாறிய வரிசை, காசு, சீட்டு, குண்டு எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. எதையும் நம்பாதே என்பது படித்தவன் புத்தி ஆகாது. எதையும் சோதித்துப் பார் என்பதுதான் நான் உங்களுக்கு வருடக்கணக்கில் சொல்ல முயன்றது.

இனி மூன்றாவது கதைக்கு வருகிறேன். என்னை எழுத உட்கார வைத்ததே இதுதான்.

கதை இப்படிப் போகும். தாய் ஒரு நிமிடம் திரும்புகிறாள், குழந்தையைக் காணோம். பூங்காவின் கதவுகளை அடைக்கிறார்கள். வெளியே போகிறவர்களைத் தாய் ஒவ்வொருவராகப் பார்க்கிறாள். மொட்டையடித்த, வேறு சட்டை போட்ட, மயக்கத்தில் இருக்கும் ஒரு குழந்தையை யாரோ தோளில் தூக்கிப் போகிறார்கள். காலணியை மட்டும் மாற்றவில்லை. அதை வைத்துத் தாய் கண்டுபிடித்துவிடுகிறாள். பெயர் கெட்டுவிடும் என்று நிர்வாகம் விஷயத்தை மூடிவிட்டது. ஆகவே தயவுசெய்து எல்லாருக்கும் பகிருங்கள்.

இது டிஸ்னிலேண்டில் நடந்ததாக அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகச் சொல்லப்படுகிறது. யான் ஹெரால்ட் பிரன்வாண்ட் என்ற நாட்டாரியல் அறிஞர் 1980-களிலேயே இந்த வகைக் கதைகளைத் தொகுத்து எழுதிவிட்டார். பூங்கா மாறும், ஊர் மாறும், சில நேரம் பூங்கா வணிக வளாகம் ஆகும். காலணி மட்டும் மாறாது. டிஸ்னிலேண்டில் அப்படி ஒரு வழக்கு பதிவானதே இல்லை. நிர்வாகம் மூடி மறைத்தது என்ற வரி எதற்கென்றால், ஆதாரம் எங்கே என்று நாம் கேட்கும் கேள்வியை முன்கூட்டியே அடைப்பதற்கு. பெற்ற தாய் புகார் கொடுக்காமல் இருப்பாளா? கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். இருக்க வேண்டாமா? கதவடைத்த பூங்காவில் நின்ற ஆயிரக்கணக்கானோரில் ஒருவர்கூட வாய் திறக்க மாட்டாரா?

இதெல்லாம் வெறும் கதைதானே, ஜாக்கிரதையாக இருப்பது நல்லதுதானே என்பீர்கள். 1969 மே மாதம் பிரான்சில் ஆர்லியான் நகரில் ஒரு வதந்தி கிளம்பியது. துணிக்கடைகளின் உடை மாற்றும் அறையில் இளம்பெண்களுக்கு மயக்க ஊசி போட்டு, சுரங்கப்பாதை வழியாகக் கடத்தி வெளிநாட்டுக்கு விற்கிறார்கள் என்று. ஊரில் ஒரு பெண்கூடக் காணாமல் போகவில்லை. சொல்லப்பட்ட கடைகள் எல்லாம் யூதர்களின் கடைகள். மாத இறுதியில் சந்தை நாளில் அந்தக் கடைகளுக்கு முன் கூட்டம் திரண்டு நின்றது. எட்கார் மொரான் என்ற சமூகவியல் அறிஞர் தன் குழுவோடு போய் ஆராய்ந்து புத்தகமே எழுதினார். பயம் என்னவோ பெண்களைப் பற்றியது. விரல் நீண்டது யூதர்களை நோக்கி. இத்தகைய கதை எந்த ஊரில் இறங்கினாலும் அங்கே யார் வேற்றாளோ அவர்மேல்தான் போய் விழும்.

நம் ஊரில் விழுந்ததை மறந்துவிட்டீர்களா? 2018 மே மாதம், வடமாநிலத்தவர் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. 65 வயது அம்மா ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று கூட்டம் கூடி அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். கூட வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அதே வாரத்தில் பழவேற்காட்டில் மனநலம் பாதித்த ஒருவரை இதே சந்தேகத்தில் அடித்துக் கொன்றார்கள். அந்த வருடம் இந்தியா முழுவதும் இப்படி நடந்தபின், ஜூலையில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வேர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனமே கட்டுப்பாடு கொண்டுவந்தது.

குழந்தைகளைப் பார்த்ததும் பையில் கைவிட்டு மிட்டாய் எடுக்காத பாட்டி நம் வீடுகளில் உண்டா? அடித்தவர்களும் கொலைகாரர்களாகப் பிறந்தவர்கள் இல்லை. தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். அவர்களுக்கு அந்தச் செய்தியை அனுப்பியவர்களும் நல்லெண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார்கள். 'உண்மையா தெரியலை, எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க' என்று மேலே ஒரு வரி போட்டும் அனுப்பியிருப்பார்கள். நம் குரூப்பில் வந்ததிலும் அதே வரி இருந்தது.

கட்டுக்கதை இன்னொரு விதத்திலும் கெடுக்கும். உண்மையான ஆபத்தை மறைத்துவிடும். அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஆக்‌ஷன் பார்க் என்று ஒன்று 1978 முதல் 1996 வரை இயங்கியது. முழு வட்டமாகச் சுழன்று வரும் நீர்ச்சறுக்கு ஒன்றை அங்கே கட்டினார்கள். சோதனைக்கு அனுப்பிய பொம்மை தலை இல்லாமல் வெளியே வந்தது என்ற கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சறுக்கு இருந்தது நிஜம். 1985-இல் சில வாரங்கள் திறந்து மூடினார்கள். தலையில்லாத பொம்மை ஊரெல்லாம் தெரியும். அந்தப் பூங்காவில் ஆறு பேர் உயிரிழந்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே பிள்ளைகளோடு போகிறவர்கள் பயப்பட வேண்டியதற்கு மட்டும் பயப்படுங்கள். சவாரிக்கு உயரக் கட்டுப்பாடு இருந்தால் 'பரவாயில்லை, ஏத்துங்க' என்று ஊழியரிடம் வாதாடாதீர்கள். இடுப்புப் பட்டையை நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தண்ணீர் விளையாட்டில் போனைப் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள். சிறு குழந்தையின் கையில் உங்கள் எண்ணை எழுதிவிடுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று நுழையும்போதே சொல்லி வையுங்கள். குழந்தை காணாமல் போனாலோ, தனியே நிற்கும் குழந்தையைக் கண்டாலோ நிர்வாகத்துக்கும் போலீஸுக்கும் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எப்போதும் இருக்கிறது.

பதறவைக்கும் செய்தி எது வந்தாலும் பகிரும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். தேர்வுக்கு வராத கேள்விகள்தான், ஆனால் வாழ்க்கைக்கு வரும்.

1. எந்த ஊர், எந்தத் தேதி, யாருக்கு நடந்தது? மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால் அது செய்தியே இல்லை.

2. வருடங்களை வரிசையாக வைத்தால் கதை நிற்கிறதா?

3. இது நடந்திருந்தால் வேறு எங்கே பதிவாகியிருக்க வேண்டும்? மருத்துவமனை, காவல் நிலையம், மறுநாள் செய்தித்தாள். அங்கே இருக்கிறதா?

4. இது பொய்யாக இருந்தால், இதனால் அடிபடப்போவது யார்?

முதல் மூன்று கேள்விக்கும் விடை தேட நேரம் இல்லாவிட்டால் நான்காவதை மட்டுமாவது கேளுங்கள். வேலை தேடி வந்த வடமாநிலத் தொழிலாளி, தெருவில் கம்பளி விற்பவர், திருநங்கை, புத்தி சரியில்லாமல் அலைபவர், வழி கேட்க வண்டியை நிறுத்திய குடும்பம் என்று விடை வந்தால், விரலை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அந்தக் கடத்தல் செய்தியை நம் குரூப்புகளில் போட்டவர்கள் இன்றே அதை நீக்கிவிடுங்கள். யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கும், அது உண்மை இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரிவித்தால் இந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை.

யானைக் கதையில் சந்தேகம் இருப்பவர்கள் கேளுங்கள், பதில் சொல்கிறேன். விடுமுறையை நல்லபடியாகக் கழியுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்